டகுகாமா விடியல்

கிழக்கு வெளுக்கும் முன்பே அந்தக் கூவல் எழும். முதலில் ஒரே ஒரு தொண்டைதான். மூச்சை இழுக்கும்போது ஒரு "ஹூ", விடும்போது ஒரு "ஹூ" என்று அடித்தொண்டையில் மெதுவாகத் தொடங்கும். வேகம் கூடும், குரல் ஏறும், கடைசியில் மலை முழுக்கக் கேட்கும் அலறலாக உச்சிக்குப் போய் நிற்கும். அதற்குள் பக்கத்துக் கூட்டம் பதில் கொடுக்கத் தொடங்கியிருக்கும். அதற்கும் அப்பால் இன்னொன்று. இரும்புக் கதவுகளைக் கையாலும் காலாலும் உதைக்கிற ஓசை சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும்.

சிம்பன்சிகளின் அந்தக் காலைக் கூவலைத்தான் இப்போது தேடுகிறேன். அன்னூரில் எங்கள் தோட்டத்துச் சாளையில் படுத்திருந்தால் விடியலில் மயில் அகவுகிறது, சத்தி ரோட்டில் லாரி போகிறது, கட்டுத்தரையில் மாடு கத்துகிறது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தங்கள்தான். ஆனாலும் தூக்கம் கலைந்த முதல் நொடியில் காது வேறொன்றை எதிர்பார்க்கிறது. "ஏங்கண்ணு, வெடியால நேரத்துல எந்திரிச்சு இப்புடி உக்கோந்துக்கற?" என்று அம்மா கேட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மலைச்சரிவையும் அதில் வாழும் தாயில்லாச் சிம்பன்சிகளையும் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "பெத்தவ இல்லாத புள்ளைக எல்லாம் ஒண்ணுதான் சாமி" என்றார்.

நான் அங்கே போனது தண்ணீர் தேடி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் போர்வெல் ஓட்டுகின்றன. அப்படி ஒரு வண்டியோடு ரிக் மேனேஜராக 2018-இல் சியரா லியோன் நாட்டுக்குப் போனேன். ஆயிரம் அடிக்கு மேல் ஓட்டியும் புழுதி மட்டுமே பறந்த குழிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். தலைநகரம் ஃப்ரீடவுனில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. ஜூலை, ஆகஸ்டில் மண்சாலைகளில் ரிக் இறங்க முடியாது, வேலை நின்றுவிடும். அப்படி வேலையில்லாத ஒரு நாளில்தான் உடன் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் ரீஜென்ட் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டகுகாமாவுக்கு என்னைக் கூட்டிப்போனார். கடைசி ஏற்றத்தில் எங்கள் வண்டி ஏறவில்லை. நனைந்தபடி நடந்துதான் போனோம்.

டகுகாமா, சிம்பன்சிகளுக்கான அடைக்கலம். 1995-இல் தொடங்கப்பட்டது. மேற்குத் தீபகற்பத்தின் காப்புக்காட்டுக்குள் சுமார் 40 ஹெக்டேர், நம் கணக்கில் 100 ஏக்கர். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை யாரோ ஒருவர் வீட்டுக் கயிற்றிலிருந்தோ, கூண்டிலிருந்தோ, சந்தையிலிருந்தோ மீட்கப்பட்டவை. சிம்பன்சிக் குட்டி நாலைந்து வயது வரை பால் குடிக்கும். தாயின் வயிற்றிலும் பிறகு முதுகிலும் தொற்றிக்கொண்டுதான் காட்டைப் படிக்கும். தாய் உயிரோடு இருக்கும்வரை யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. இறைச்சிக்காகவோ, பயிரில் இறங்கியதற்காகவோ தாயைச் சுட்டுவிடுகிறார்கள். உயிரோடு மிஞ்சிய குட்டியை விற்றுவிடுகிறார்கள். வளர்க்க வாங்கியவருக்கு இரண்டு மூன்று வருடம் அது வேடிக்கை. அதன்பின் கையில் அடங்காத பலம் வந்ததும் சங்கிலி. டகுகாமாவுக்கு வரும்போது சிலவற்றின் இடுப்பில் கயிறு அறுத்த புண் இருக்கும்.

இதைத் தொடங்கியவரின் பெயரை அந்த மழையில், அந்தக் காட்டில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாலா அமரசேகரன். தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் கிடந்த மாதங்கள் அவை. இலங்கையில் பிறந்து, இளம் வயதில் குடும்பத்தோடு சியரா லியோனுக்குப் போனவர் அவர். தொழிலில் கணக்காளர். காட்டுத் துறையிலோ விலங்கியலிலோ படித்துவிட்டு இதில் இறங்கியவர் இல்லை. 1988-இல் அவரும் மனைவியும் உள்நாட்டுக் கிராமம் ஒன்றில், விற்பனைக்கு வைத்திருந்த நோஞ்சான் குட்டி ஒன்றைப் பார்த்தார்கள். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, பாலூட்டித் தேற்றி, புரூனோ என்று பெயர் வைத்தார்கள். அதன்பிறகுதான் நகரத்து வீடுகளில் கட்டிக்கிடந்த மற்றக் குட்டிகள் கண்ணில் படத் தொடங்கின. ஒரு குட்டிக்கு இரங்கியவர், ஏழு ஆண்டுகளில் அரசையும் வெளிநாட்டு நிதியையும் இணைத்துக் காட்டுக்குள் ஓர் அடைக்கலத்தை எழுப்பிவிட்டார். அதுவும் நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில்.

அந்த முதல் நாளுக்குப் பிறகு, வேலை விட்டபோதெல்லாம் போனேன். அங்கே தங்குவதற்குக் குடில்கள் இருந்தன. இரவு தங்கினால்தான் விடியல் கிடைக்கும் என்பதால் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தங்குவேன். ஒரு நாள் எப்படிப் போகும் என்பது இப்போதும் மனத்தில் அச்சடித்தபடி இருக்கிறது.

கூவல் அடங்கியதும் பராமரிப்பாளர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இராக்கூண்டுகளுக்குப் போவார்கள். முதல் வேலை தலைகளை எண்ணுவது. யார் இருமுகிறார், யார் சாப்பாட்டைத் தொடவில்லை, யார் கையில் புதிய காயம் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பார்கள். சிம்பன்சிகள் கம்பியில் முதுகைச் சாய்த்துக் காட்டும். ஈறு பார்க்க உதட்டை விரிக்கும். மனிதருக்கு வரும் சளியும் காய்ச்சலும் அவற்றுக்கும் தொற்றும் என்பதால் முகக்கவசம் போட்டுத்தான் நெருங்குவார்கள். நம் ஊரில் கொரோனாவோடு வந்த பழக்கம் அங்கே அதற்கு முன்பே இருந்தது. பிறகு காட்டுப் பக்கத்துக் கதவு திறக்கும். கூட்டம் மின்வேலி போட்ட காட்டுக்குள் பாயும். பெரிய ஆண் நிதானமாகக் கடைசியில் நடந்து வரும். அதற்கு அவசரம் கிடையாது.

சாப்பாட்டு வேளையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேலிக்கு வெளியே மேடையில் நின்று பராமரிப்பாளர் வாளியிலிருந்து பழங்களை வீசுவார். வாழை, பப்பாளி, அன்னாசி, பருவத்தில் மாம்பழம். வாளியைப் பார்த்ததும் தலைவன் உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து எழுந்து, ஒரு கிளையை ஒடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும். மற்றவை முனகிக்கொண்டே தலையைத் தாழ்த்தும். இந்த மரியாதை முடிந்தபின்தான் சாப்பாடு. சிலது உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டிக் கேட்கும். சிலது கைதட்டிக் கூப்பிடும். அந்தப் பராமரிப்பாளரின் கைக்குறி எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் தயங்கி நிற்கும் இளையதொன்றை முதலிலேயே கண்ணால் குறித்துக்கொள்வார். பெரியது பப்பாளியில் மும்முரமாகும் வரை பொறுத்திருந்து, புதருக்குப் பின்னால் சரியாக அதன் காலடியில் இரண்டு வாழைப்பழத்தைப் போடுவார். அது எடுத்துக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் மரமேறிவிடும். அவர் அடுத்த வாளியைத் தூக்குவார். வருடக்கணக்காக நாளுக்குப் பல வேளை இதே வேலை.

எல்லாம் இதமான காட்சிகள் இல்லை. புதுமுகம் தெரிந்தால் கல் பறந்து வரும். அதற்கு அங்கே எல்லாரும் முன்கூட்டியே எச்சரிப்பார்கள். சண்டை வந்தால் காது கிழியும், விரல் போகும். ஆனால் சண்டை முடிந்து சற்று நேரத்தில் அடித்ததும் அடிபட்டதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்க்கத் தொடங்கிவிடும். உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு, மயிரை விரலால் பிரித்துப் பிரித்து, அரைமணி நேரம் அசையாமல் பார்க்கும். மத்தியான வெயிலில் மலையே அப்படி அமர்ந்திருக்கும்.

குட்டிகள் இருக்கும் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கலாம். புதிதாக வந்தது முதலில் மூன்று மாதமாவது தனிமையில் இருக்க வேண்டும். காசநோய் உட்பட எல்லாச் சோதனையும் செய்வார்கள். பால்குடிக் குட்டியென்றால் ஒரு பராமரிப்பாளர் அதற்குத் தாயாகிவிடுவார். அப்படி ஒருவரை ஒரு மழை நாளில் கண்டேன். புட்டிப்பாலோடு உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் பனியனை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்திருந்தது. அவர் ஒரு கையால் மூக்கைத் துடைக்க நகர்ந்தபோது அது வாயிலிருந்த புட்டியை விட்டுவிட்டு வீரிட்டது. பாலைவிட அதற்குப் பிடி முக்கியம். அவர் மறுபடி அசையாமல் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, மழை விட்டு நான் கிளம்பும்போதும் அப்படியேதான் இருந்தார்.

பிறகு மெல்ல மெல்லக் கூட்டத்தோடு சேர்ப்பார்கள். சந்தையிலிருந்து பிடித்துவந்த மாட்டைப் பழைய மாடுகளோடு அன்றைக்கே அவிழ்த்துவிடமாட்டோம் அல்லவா, அப்படித்தான். முதலில் கம்பிக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும். பிறகு பொறுமையான ஒரு பெண் சிம்பன்சியோடு மட்டும். பிறகு இன்னும் இரண்டு பேர். பெரிய ஆண்கள் கடைசியில். கூட்டத்துக்குள் வந்தபின் மிச்சப் படிப்பை மூத்தவை சொல்லிக்கொடுக்கும். கிளைகளை உள்நோக்கி மடக்கி மிதித்து, சில நிமிடங்களில் மரத்தின் மேல் படுக்கை கட்டும் வித்தை தாயிடம் கற்க வேண்டியது. தாயைப் பறிகொடுத்தது, அண்டை மரத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டும். முதல் முயற்சிகள் சரிந்து விழும். ஒரு பருவம் கழித்துப் போனபோது, அப்படி விழுந்துகொண்டிருந்த ஒன்று உச்சிக்கிளையில் ஒழுங்காகக் கட்டி மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனாலும் அவை காட்டுக்குத் திரும்ப முடியாது. மனிதரைக் கண்டு பயப்படத் தெரியாதவை, ஊருக்குள் இறங்கிவிடும். காட்டுக் கூட்டங்கள் அந்நிய ஆண்களைக் கொன்றுவிடும். போதாததற்கு, விடுவதற்குக் காடும் குறைந்துவருகிறது. அதனால்தான் அங்கே குட்டி ஈனவிடவும் விரும்புவதில்லை. பெண்களுக்குக் கருத்தடை செய்கிறார்கள். இருக்கிற இடம் இனி வரப்போகும் அனாதைகளுக்கு வேண்டும். சிம்பன்சி நாற்பது, ஐம்பது வருடம் வாழும். வேட்டைக்காரனின் ஒரு தோட்டாவுக்கு, யாரோ ஒருவர் அரை நூற்றாண்டு வாளி தூக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சரிவு பட்ட பாட்டை அங்குள்ளவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். உள்நாட்டுப் போர் 2002-இல் முடியும்வரை கிளர்ச்சிப் படைகள் அந்த மலையிலும் நடமாடின. ஊழியர்கள் உயிரைப் பணயம் வைத்து உணவு கொண்டுபோனார்கள். 2006 ஏப்ரலில் புரூனோவோடு 31 சிம்பன்சிகள் தப்பி வெளியேறின. வழியில் எதிர்ப்பட்ட காரில் இருந்தவர்களைத் தாக்க, உள்ளூர் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அந்த மரணத்தை அங்கே யாரும் மறைத்துப் பேசவில்லை. 27 சிம்பன்சிகள் திரும்பின அல்லது பிடிபட்டன. புரூனோ வரவே இல்லை. 2005-இலிருந்து இன்னதென்று தெரியாத நோய் ஒன்று 50-க்கும் மேற்பட்ட சிம்பன்சிகளைக் கொண்டுபோனது. முந்தின நாள் நன்றாக இருந்தது மறுநாள் வயிறு உப்பித் தள்ளாடிச் சாகும். அந்த நோய் அதிகம் தாக்கும் மார்ச் மாதம் வந்தாலே பராமரிப்பாளர்கள் முகம் வாடிவிடும். சார்சினா வகை பாக்டீரியா ஒன்றுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 2021-இல்தான் அறிவியலாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். எபோலா காலத்திலும் கொரோனா காலத்திலும் பார்வையாளர் வருமானம் நின்றுபோனது. வேளைக்கு வேளை வாளி மட்டும் நிற்கவில்லை.

2017 ஆகஸ்ட் 14-ஆம் தேதி ரீஜென்டுக்கு மேலே சுகர் லோஃப் மலை சரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அடுத்த வருடம் நான் போனபோது அந்தச் செம்மண் வடு நகரத்திலிருந்தே தெரிந்தது. மரம் இருந்த இடத்தில் வீடு ஏறினால் மழை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஃப்ரீடவுனின் குடிநீர் அந்தத் தீபகற்பக் காட்டிலிருந்துதான் வருகிறது; குமா அணை அங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் காட்டை வெட்டி மனை பிரிப்பது நிற்கவில்லை. நான் இருந்த ஐந்து வருடத்தில், முதலில் மரங்களாக இருந்த மேடுகள் பிறகு கரிமூட்டமும் அஸ்திவாரக் கற்களுமாக மாறியதைப் போகவர வழியிலேயே பார்த்தேன். 2019-இல் சிம்பன்சியை நாட்டின் தேசிய விலங்காக அறிவித்த தேசம் அது. மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சியோ 2016-லிருந்தே அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

2022 கடைசியில், சிப்காட் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து அன்னூர், மேட்டுப்பாளையம் பக்கத்து விவசாயிகள் திரண்டபோது நான் ஃப்ரீடவுனில் இருந்தேன். கைபேசியில் எங்கள் ஊர் முகங்களைப் பார்த்துக்கொண்டே அந்த மலையை நினைத்தேன். மண் கை மாறினால் அதை நம்பியிருக்கும் உயிர் எங்கே போகும் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். அங்கே சிம்பன்சிகளுக்காகக் கேட்க டகுகாமாவை விட்டால் அதிகம் பேர் இல்லை.

2023-இல் அப்பாவுக்கு முடியாமல் போக, பண்ணையம் பார்க்க ஊருக்கு வந்துவிட்டேன். அத்திக்கடவுத் திட்டத்தின் தண்ணீர் வந்தபின் குளங்களில் நீர் நிற்பதைப் பார்க்கிறேன். வாழை வைத்திருக்கிறோம். தார் வெட்டும்போதெல்லாம், ஒதுக்கும் பழங்களைக் கூடையில் போடும்போதெல்லாம் அந்த மேடை நினைவுக்கு வருகிறது. ஒருமுறை போய்வர வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். 2025 மே மாதக் கடைசியில் செய்தி வந்தது: சுற்றியுள்ள காடு அழிக்கப்படுவதைக் கண்டித்து டகுகாமா பார்வையாளர்களுக்குக் கதவை மூடிவிட்டது. வருமானம் போகும் என்று தெரிந்தே மூடினார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது சரி. வேலிக்கு வெளியே காடு இல்லாமல் போனபின் வேலிக்குள் அடைக்கலம் என்று ஒன்று இருக்க முடியாது.

ஒன்று எனக்குத் தெளிவாகியிருக்கிறது. என் ஏக்கம் சிறியது. நான் விட்டுவந்தது ஒரு மலைச்சரிவை. வந்து சேர்ந்தது பெற்றவளிடம், பிறந்த மண்ணிடம். அங்கே இருக்கும் ஒவ்வொரு சிம்பன்சியும் விட்டுவந்தது இவை இரண்டையும். என்னைப் போல் திரும்பிப் போகும் வழி அதற்கு இல்லை. அதற்கு மிச்சமிருப்பது ஒரு வாளி, ஒரு கை, பேன் பார்க்கப் பக்கத்தில் ஒரு துணை. அந்தக் கொஞ்சத்தையும் தினமும் தவறாமல் கொடுக்க மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் அங்கே கண்டேன். எனக்கு ஏக்கம் அந்த மனிதர்களின் பக்கத்தில் நிற்க.

இது நமக்கு எட்டாத தூரத்துக் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2019-இல் கொல்கத்தாவில் வனவிலங்குக் கடத்தல் வழக்கு ஒன்றில் மூன்று சிம்பன்சிகளை அமலாக்கத் துறை முடக்கியது. அவை அலிப்பூர் உயிரியல் பூங்காவில் வைக்கப்பட்டன. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் வெளிநாட்டுக் குரங்குக் குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் நீங்களே படித்திருப்பீர்கள். வாங்குவதற்கு இங்கே ஆள் இருப்பதால்தான் அவை அந்தப் பெட்டிகளுக்குள் வருகின்றன.

சிம்பன்சியைப் பார்க்க ஆசையென்றால் வண்டலூருக்குப் போங்கள். கோம்பே, கௌரி என்ற சிம்பன்சிகள் அங்கே உண்டு. 1960-இல் ஜேன் குடால் தம் ஆய்வைத் தொடங்கிய தான்சானியக் காட்டின் பெயர்தான் கோம்பே. பிள்ளைகளைக் கூட்டிப்போய், கூச்சல் போடாமல், எதையும் எறியாமல் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். சட்டை மாட்டி, தோளில் ஏற்றி, கேக் வெட்டவைக்கும் சிம்பன்சிக் குட்டியின் காணொளி உங்கள் கைபேசிக்கு வந்தால் அதைப் பகிராதீர்கள். அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் குட்டியின் தாய் எங்கே?